நீங்கள் பிடித்த முயலுக்கு எத்தனை கண்?

முடிவு விளக்க வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2018இல் வந்த 'அந்தாதுன்' என்ற இந்திப் படத்தின் கதை, திருப்பம், கடைசிக் காட்சி எல்லாமே இந்த மடலில் வரும். பார்க்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் இரண்டாம் வருடம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஏதாவது படம் போடலாம் என்று பேச்சு வந்தது, நான் அந்தாதுன் போடலாம் என்றேன். "அது தெரியும் மாமா, அவனுக்குக் கண்ணு தெரியும், கடைசில கம்பால டின்னை அடிப்பான், அந்தப் பொம்பளையோட கண்ணை எடுத்து வச்சுக்கிட்டான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மாம்பழம் நறுக்கப் போய்விட்டான். எப்போடா பார்த்தாய் என்று கேட்டால், பார்க்கவில்லையாம். விளக்கம் பார்த்தானாம், 11 நிமிடம். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை 11 நிமிடத்தில் முடித்துவிட்ட பெருமை அவன் முகத்தில் இருந்தது. நீட் கோச்சிங்கில் ஷார்ட்கட் கற்றுக்கொண்ட பிள்ளை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நானே ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துக்கொண்டு உங்கள் வீடியோக்களைப் பார்க்கிற ஆள்தான். பிரேம் பிரேமாக நிறுத்திச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டுகிறீர்கள், நான் கவனிக்காமல் விட்டதைக் கவனித்திருக்கிறீர்கள், அந்த உழைப்புக்கு நன்றி. ஆனால் "உண்மையான முடிவு இதுதான்" என்று சிவப்பு எழுத்தில், வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து ஒட்டுகிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது 2018 அக்டோபரில், கோயம்புத்தூரில், வெளியாகி இரண்டாவது வாரம். தங்கையும் நானும். அரங்கில் நாற்பது பேர் இருந்திருப்போம். எங்களுக்கு இந்தி அரைகுறை, சப்டைட்டிலை நம்பித்தான் உட்கார்ந்தோம். படம் ஆரம்பிக்கும்போதே திரையில் ஒரு வரி: வாட் இஸ் லைஃப்? இட் டிபெண்ட்ஸ் ஆன் தி லிவர். வாழ்க்கை என்பது வாழ்கிறவனைப் பொறுத்தது என்றும் படிக்கலாம், ஈரலைப் பொறுத்தது என்றும் படிக்கலாம். தமிழில் இந்தச் சிலேடை வராது. காளமேகம் வந்தால்கூட ஈரலையும் வாழ்பவனையும் ஒரே சொல்லில் கட்டக் கொஞ்சம் திணறுவார் என்று நினைக்கிறேன். அப்போது அதை ஏதோ குடிகாரன் ஜோக் என்று சிரித்துவிட்டு விட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்து ஒரு பெண்ணின் ஈரலுக்கு விலை பேசும்போதுதான், அடப்பாவி, முதல் வரியிலேயே சொல்லிவிட்டானே என்று உறைத்தது.

அந்த 'உறைப்பு' இருக்கிறதே, அது பார்ப்பவனின் சொத்து. அதை முன்கூட்டியே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் அவனுக்கு வெறும் தகவல்தான் மிச்சம்.

பியானோ காட்சிக்கு வருகிறேன், அதைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. பார்வையற்றவன் மாதிரி நடிக்கிற ஒரு பியானோக்காரன், பெயர் ஆகாஷ், நடித்தவர் ஆயுஷ்மான் குரானா. பழைய நடிகர் ஒருவரின் கல்யாண நாளுக்கு வாசிக்க அவர் வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறப்பவர் அவருடைய இளம் மனைவி சிமி, தபு. உள்ளே போய் உட்கார்ந்து வாசிக்கிறான். வாசித்துக்கொண்டே பார்க்கிறான், தரையில் அந்த மனிதரின் பிணம். எழுந்து ஓட முடியாது. கத்த முடியாது. ஏனென்றால் அவனுக்குத்தான் 'கண் தெரியாதே'. பாத்ரூமுக்குப் போனால் அங்கே துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான். அதையும் பார்க்காதவன் மாதிரித் திரும்பி வந்து மறுபடி வாசிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் சைகையிலேயே பேசிக்கொண்டு ரத்தத்தைத் துடைக்கிறார்கள், பிணத்தைப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். பின்னணி இசையை யாரும் தனியாகச் சேர்க்கவில்லை, பயந்து நடுங்குகிறவனே அந்தக் காட்சிக்கு இசையமைத்துக்கொண்டிருக்கிறான்.

அரங்கில் எனக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார், பெரிய சிரிப்பு, தொப்பை குலுங்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். திடீரென்று அவர் நிறுத்தினார், நானும் நிறுத்தினேன், அந்த இடத்தில் அரங்கமே ஒரு வினாடி அமைதி. ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான், நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற அமைதி. அப்புறம் மறுபடி சிரித்தோம். இதற்கு டார்க் காமெடி என்று பெயர் வைத்து, ஏதோ வெளியிலிருந்து இறக்குமதியான சரக்கு மாதிரிச் சில வீடியோக்களில் பேசுகிறீர்கள். எங்கள் ஊர் இழவு வீட்டுக்கு வந்து பாருங்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே பந்தலில் செத்தவர் பண்ணின கூத்தைச் சொல்லிச் சொல்லி நாலு பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் யாராவது பெண் எட்டிப் பார்த்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பின்வரிசைப் பெரியவருக்கு யாரும் வகை பிரித்துச் சொல்லித் தரவில்லை. அவருக்கு அது தெரியும்.

சரி, முடிவுக்கு வருவோம்.

சுருக்கமாக, ஞாபகப்படுத்த மட்டும். நடிப்புக்காகக் கண்ணை மூடியவனின் கண்ணை நிஜமாகவே பறித்துவிடுகிறாள் சிமி, பிரசாதத்தில் எதையோ கலந்து கொடுத்து. உறுப்புகளை விற்கும் டாக்டர் ஸ்வாமி வருகிறார். அவருடைய திட்டம், சிமியின் ஈரல் ஒரு பணக்கார ஷேக்கின் மகளுக்கு, கண் ஆகாஷுக்கு. கார் டிக்கியில் சிமி. அங்கே ஒரு வெட்டு. இரண்டு வருடம் கழித்து போலந்தில், கிராகோவ் நகரத்தில், பழைய காதலி சோஃபியிடம் ஆகாஷ் மீதிக் கதையைச் சொல்கிறான். சிமி தப்பித்தாளாம், டாக்டரைக் கொன்றாளாம், இவனைக் காரேற்றிக் கொல்ல வந்தாளாம், வேட்டைக்காரன் ஒருவன் சுட்ட நேரத்தில் ஒற்றைக்கண் முயல் ஒன்று பாய்ந்து கார்க் கண்ணாடியில் மோதிச் சிமி செத்தாளாம். அவள் கண்ணை நீ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிற மாதிரி சோஃபி சொல்கிறாள். இவன் பதில் பேசாமல் கிளம்பி, முயல் தலைப் பிடி வைத்த கம்பைத் தட்டிக்கொண்டே நடந்து, வழியில் கிடந்த டின்னைக் குறி பார்த்து அடிக்கிறான். படம் முடிந்தது.

நீங்கள் எல்லோரும் அந்த டின்னைப் பிடித்துக்கொண்டீர்கள். டின்னை அடித்தான், ஆகவே கண் தெரிகிறது, கண் தெரிகிறது என்றால் சிமியின் கண், சிமியின் கண் என்றால் கொலை. முடிந்தது வீடியோ, லைக் பண்ணுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள்.

எங்கள் வீட்டில் அது முடியவில்லை. ஆறேழு வருடமாக ஓடுகிறது.

என் சித்தப்பா சார்பு நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர். முப்பது வருடம் சாட்சிகள் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தவர். அவர் டின்னைப் பற்றிக் கவலையே படவில்லை. "அது கிடக்கட்டும்டா. இவன் சொல்றது எல்லாமே சாட்சியம்தானே? படம் ஆரம்பிக்கும்போதே ஒரு குரல், பெரிய கதை, காபி சாப்பிடலாமான்னு கேக்குதா இல்லையா? அப்ப மொத்தப் படமும் இவன் வாக்குமூலம். பாத்ரூம்ல துப்பாக்கியோட நின்னானே அந்த இன்ஸ்பெக்டர், அவன் வீட்டுக்குள்ள புருஷன் பொண்டாட்டி பேசினப்ப இவன் இருந்தானா? அதெல்லாம் கேள்விச் சாட்சி. கண்ணுற்ற சாட்சின்னு சொல்லிக்கிறவனுக்குக் கண்ணே இல்லை, ஆனா முயலுக்கு ஒரு கண்ணுதான்னு அவனுக்குத் தெரியுது." அப்புறம் ஒன்று சொன்னார், அதை நான் எந்த விளக்க வீடியோவிலும் கேட்டதில்லை. பொய்ச் சாட்சி சொல்கிறவன் எப்போதுமே கேட்டதற்கு மேல் விவரம் சொல்வானாம். நிஜமாகப் பார்த்தவன், லாரி வந்துச்சு இடிச்சுச்சு என்பான். பொய்யன் மட்டும்தான் லாரியின் கலரையும் டிரைவரின் சட்டையையும் கிளீனர் வாயிலிருந்த பீடியையும் சேர்த்துச் சொல்வான். முயல் அந்த பீடி என்கிறார் சித்தப்பா.

அவர் தீர்ப்பு, முதல் காட்சியிலிருந்தே எதையும் நம்ப முடியாது. ஆகாஷ் ஒரு பிறழ் சாட்சி, தள்ளுபடி.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை. மொத்தக் கதையும் பொய்யென்றால் நான் எதற்காக இரண்டு மணி நேரம் நகத்தைக் கடித்தேன் என்கிறாள், அதுவும் நியாயமான கேள்விதானே. அவள் கட்சி, டிக்கி திறக்கும் வரை எல்லாம் நிஜம், அதற்குப் பிறகு மட்டும் பொய். ஆகாஷ் கெட்டவனாக மாறின இடம் படத்தில் காட்டப்படாத இடம், காட்டவில்லை என்பதுதான் ஆதாரம் என்கிறாள். கிராகோவில் அவன் சோஃபியிடம் பேசும்போது முகத்தைப் பார், மன்னிப்பு கேட்கிறவன் முகமா அது என்று கேட்பாள். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த முகம் வேறு மாதிரித் தெரிகிறது. 2018இல் பாவமாகத் தெரிந்தது. ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது திருட்டு முழி மாதிரித் தெரிந்தது. அதே முகம், அதே பிரேம்தான். நான்தான் இரண்டு வருடம் கெட்டுப் போயிருந்தேன் போல.

அம்மாவின் கருத்துதான் இந்த மடலுக்கே காரணம். அம்மா கண் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர். இருபத்தெட்டு வருடம். படம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவன் என்னத்தைடா சாப்பிட்டான்?"

யாருக்கும் தெரியாது. படம் சொல்லவேயில்லை. அம்மா விளக்கினார். கண்ணை மாற்றுகிறார்கள் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, முழுக் கண்ணை எடுத்து இன்னொருவருக்கு வைத்துப் பார்வை கொடுக்க முடியாது. மாற்றுவது கார்னியாவை மட்டும்தான், கண்ணின் முன்பக்கம் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தப் படலம். அது மங்கிப்போய்ப் பார்வை போனவர்களுக்குத்தான் கண் தானத்தால் வெளிச்சம் கிடைக்கும். இறந்து சுமார் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வாயால் விழுங்கின ஒரு பொருள் ராத்திரியோடு ராத்திரியாகப் பார்வையைப் பறித்தது என்றால் அது பெரும்பாலும் நரம்பைத் தாக்கியிருக்கும். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து குடித்துவிட்டு வந்தவர்களை அம்மா பார்த்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் அவர்களுடைய கண் பளிச்சென்று இருக்குமாம், கார்னியாவில் ஒரு கோளாறும் இருக்காது, பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு வெந்திருக்கும். அவர்களுக்கு உலகத்திலுள்ள அத்தனை பேருடைய கண்ணையும் எடுத்து வைத்தாலும் பிரயோஜனமில்லை.

"அதனால?" என்று கேட்டான் அக்கா மகன். மாம்பழத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தான், அப்போதுதான் முதல்முறையாக அவனுக்கு ஆர்வம் வந்திருந்தது.

அதனால் இரண்டே வழிதான் என்றார் அம்மா. ஒன்று, டாக்டர் ஸ்வாமி ஆகாஷை ஏமாற்றியிருக்கிறார். கண் தருகிறேன் என்று ஆசை காட்டி, அவனை வைத்துச் சிமியைப் பிடித்து, ஈரலை விற்றுக் காசு பார்க்கத் திட்டம். அப்படியென்றால் ஆகாஷ் அவள் கண்ணை எடுத்திருந்தாலும் அவனுக்குத் தெரியப் போவதில்லை, டின்னை அடித்தது கண் மாற்றினதால் வந்ததாக இருக்க முடியாது. இரண்டாவது வழி, அவனுக்குக் கண் போகவே இல்லை, அல்லது போய்த் தானாகத் திரும்பி வந்துவிட்டது. நடிக்கிறதுதான் அவனுக்குக் கைவந்த கலையாச்சே. அப்படியென்றால் சிமியைக் கொன்றிருந்தாலும் கண்ணுக்காகக் கொன்றிருக்க மாட்டான். வேறு எதற்கோ.

அந்த 'வேறு எதற்கோ' என்ற இடத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

படத்துக்கு இவ்வளவு மருத்துவம் பார்க்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சினிமாவில் கண்ணை மாற்றினால் தெரியும், அவ்வளவுதான் என்று. நானும் அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன், இன்னமும் அதையே கொஞ்சம் நம்புகிறேன். ஆனால் பாருங்கள், வார்டில் நின்ற கால் வார்டைப் பார்க்கிறது, கோர்ட்டில் தேய்ந்த விரல் சாட்சியைப் பார்க்கிறது. ஒரே படம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பது நம் ஊர்ப் பழக்கம்தான், எங்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒரு முயல் இருக்கிறது. நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம், பாயசம் சாப்பிடுகிறோம், அடுத்த பொங்கலுக்கு மறுபடி சண்டை போடுகிறோம். நீங்கள் உங்கள் முயலுக்கு மூன்று கால் என்பதோடு நிற்காமல், இரண்டு லட்சம் பேரைக் கூட்டி வைத்து, நான்கு கால் என்று சொல்கிறவன் படத்தையே ஒழுங்காகப் பார்க்காதவன் என்று சொல்லிவிடுகிறீர்கள்.

இந்தப் படத்தின் விதையே அப்படி ஒரு பாதியில் நிற்கும் கதைதான். ஒலிவியே த்ரேனர் என்பவர் 2010இல் எடுத்த பிரெஞ்சுக் குறும்படம், பதினைந்து நிமிடம்கூட வராது. கண் தெரியாதவனாக நடிக்கும் பியானோ சுருதி சேர்ப்பவன் ஒருவன், முதுகுக்குப் பின்னால் ஆபத்து நிற்க, வாசித்துக்கொண்டே இருக்கிறான். அடுத்து என்ன ஆகும் என்று சொல்லாமலே முடிந்துவிடும். ஸ்ரீராம் ராகவனும் அவருடைய எழுத்துக் கூட்டாளிகளும் அந்தக் கேள்வியைப் புனேவுக்குக் கொண்டுவந்து, வளர்த்து, கடைசியில் பதில் சொல்லிவிடாமல் கேள்வியாகவே திருப்பிக் கொடுத்தார்கள். தழுவல் திரைக்கதைக்கான தேசிய விருது கிடைத்தது. 2019இல் சீனாவில் வெளியாகி 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் பண்ணியது. சீனாக்காரர்களும் டின்னைப் பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

நமக்கு இது புதுசும் கிடையாது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு வேதாளம் என்ன செய்தது? கதையைச் சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் பிணம் பறந்து போய் மறுபடி முருங்கை மரத்தில் தொங்கும். உங்கள் தலை வெடித்துவிடுமே என்று நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள், புரிகிறது, வாரத்துக்கு மூன்று வீடியோ போட வேண்டும். ஆனால் விக்கிரமாதித்தன் தன் வாயைத்தான் திறந்தான், கேட்டுக்கொண்டிருந்த குழந்தைகளின் வாயை மூடவில்லை.

2024 ஆகஸ்டில் தமிழில் 'அந்தகன்' வந்தபோது இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தெலுங்கிலும் மலையாளத்திலும் 2021லேயே எடுத்துவிட்டார்கள், நமக்குத்தான் ஆறு வருடம். பிரசாந்த், தபு செய்த வேடத்தில் சிம்ரன், பழைய நடிகராகக் கார்த்திக். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ் போட வேண்டும், தமிழில் அந்தகன் என்றால் பார்வையற்றவன், அந்தகன் என்றால் எமனும்தான். ஈரல் சிலேடை தமிழில் வராது என்றேனே, இந்தியில் வராத ஒரு சிலேடை இங்கே தலைப்பிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கொல்லப்படப் போகிறவனா, கொல்ல வந்தவனா என்று பெயரே கேட்கிறது. இதைப் பற்றி ஒரு விளக்க வீடியோ வரும் என்று காத்திருந்தேன். என் கண்ணில் பட்டவை எல்லாம் எந்தக் காட்சி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற ஒப்பீடுகள்தான். அரங்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், இப்போ பாரு, இப்போ பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் பாவம், பார்க்கவே இல்லை, அவன் சொன்னது நடக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கார்த்திக்கை அந்தப் பழைய பாட்டுகளோடு பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அதையாவது அவன் முன்கூட்டியே சொல்லவில்லை.

உங்களைப் போல ஒருவன் அந்தாதுன் படத்துக்குள்ளேயே இருக்கிறான், கவனித்தீர்களா? ஆகாஷ் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன். இவனுக்குக் கண் தெரியும் என்று முதலில் சந்தேகப்படுகிறவன் அவன்தான். விட மாட்டான். ஒளிந்திருந்து மொபைலில் வீடியோ எடுத்து, சோஃபியிடம் காட்டிவிடுகிறான். அந்த வீடியோ நூற்றுக்கு நூறு உண்மை, எடிட் இல்லை, பொய் இல்லை. சோஃபி அதைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் ஆகாஷ் வீட்டுக்கு வருகிறாள். ஆனால் அவள் வந்து சேர்கிற நேரத்தில் பிரசாதம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கண் தெரிகிறது என்று நிரூபிக்கும் வீடியோ அவள் கையில், கண் போய்க்கொண்டிருக்கிற மனிதன் அவள் முன்னால். சிமி வேறு தன் பங்குக்கு ஒரு நாடகம் போட, சோஃபி அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அந்தப் பையன் சரியாகத்தான் சொன்னான். சரியாகச் சொன்னதால்தான் ஆகாஷுக்கு உதவ ஒருத்தரும் இல்லாமல் போனது. அந்தக் காட்சியை நான் மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன், அதுவரை எல்லோரையும் போல நானும் டின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் வீடியோவை நிறுத்துங்கள் என்று கேட்க மாட்டேன், நிறுத்தினால் ராத்திரி ஒரு மணிக்கு நான் என்ன பண்ணுவது. முகப்புப் படத்தில் முடிவைப் போடாதீர்கள், அதுதான் முதலில். தேடாதவன் கண்ணிலும் அது விழுகிறது, டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன் மொபைலில்கூட விழுகிறது. லண்டனில் 1952லிருந்து ஒரு மர்ம நாடகம் ஓடுகிறது, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள், பெரும்பாலான ஜனங்கள் அதை மதிக்கவும் செய்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு வரி எச்சரிக்கை போதும். அப்புறம் அந்த 'உண்மையான முடிவு' என்ற தலைப்பு. 'எனக்குப் பட்ட முடிவு' என்று போட்டால் எத்தனை வியூஸ் குறைந்துவிடும்? கொஞ்சம் குறையும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே வருகிற கமெண்டுகள் மாறும். இப்போது அங்கே என்ன இருக்கிறது, "செம ப்ரோ", "வேற லெவல் டீடெய்லிங்", நடுவில் ஒரு ஃபயர் எமோஜி. ஒரு வாத்தியார் விடைத்தாளைப் படித்துக் காட்டியதும் பிள்ளைகள் கை தட்டின மாதிரி. இந்தப் படத்துக்குக் கீழே ஒரு டைப்பிஸ்டும் ஒரு நர்ஸும் ஒரு பி.காம் மாணவியும் ஒரு ஆட்டோக்காரரும் அடித்துக்கொண்டிருக்க வேண்டாமா? ஆட்டோக்காரருக்கு இதில் சொல்ல நிறையவே இருக்கும், படத்தில் ஒரு ஆட்டோக்காரர் படும் பாடு அப்படி.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால், ஆகாஷ் பொய் சொல்கிறான். எங்கே என்று இந்த வருடம் எனக்குத் தெரியவில்லை. போன வருடம் தெரிந்திருந்தது.

கடைசியாக, இது உங்களில் ஒரே ஒருவருக்கு, அவருடைய சேனல் பெயரை எழுதப் போவதில்லை, படித்தால் அவருக்கே புரியும். உங்கள் வீடியோவுக்குக் கீழே என் அம்மா கமெண்ட் எழுதினார். அவர் வாழ்க்கையில் யூட்யூபில் எழுதிய முதல் கமெண்ட் அது, தமிழ் டைப் பண்ண அக்கா மகன் சொல்லிக் கொடுத்து, முக்கால் மணி நேரம் எடுத்து, கார்னியாவுக்கும் நரம்புக்கும் என்ன வித்தியாசம், டாக்டர் ஏன் பொய் சொல்லியிருக்கலாம் என்று ஒன்பது வரி. நீங்கள் பதில் போட்டீர்கள்: "படத்தை மறுபடி ஒருதடவை பாருங்க ஆன்ட்டி" என்று, கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை இரண்டு. அதற்கு 400 லைக்.

அம்மா கோபப்படவில்லை. சொன்னபடி மறுபடி பார்த்தார், அக்கா மகனும் கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்தான், நடுவில் ஒரு தடவைகூட மொபைலை எடுக்கவில்லை. இப்போது அம்மாவிடம் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றையும் அதே இடத்தில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு எங்கள் சித்தப்பாவாலேயே பதில் சொல்ல முடியவில்லை. நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்த்துப் பதில் எழுதுங்கள். ஆன்ட்டி என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், சிஸ்டர் என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவார், வார்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

இப்படிக்கு,
பின்வரிசையில் சிரித்தவருக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன்